கான்கிரீட்டை வசப்படுத்தியவர்!

தாம்பரம் ரயில் நிலையத்தில் மின்சார ரயிலுக்காகக் காத்திருக்கிறீர்களா குட்டீஸ்? மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலேயே நின்று, தண்டவாளத்தைக் கொஞ்சம் பாருங்கள். தண்டவாளத்தைத் தாங்கியபடி வரிசையாகக் கான்கிரீட் கட்டைகள் கிடக்கின்றன அல்லவா? அவைதான் சிலீப்பர் கட்டைகள். ஒரு காலத்தில் இவற்றை மரத்தில் செய்தனர். இப்போது கான்கிரீட்டில் செய்கின்றனர்.

வெறும் கான்கிரீட்டை நீளமான கட்டையாக வார்த்து, இரண்டு முனைகளையும் கல் மீது வைத்து, நடுவில் பெரிய பாரத்தை ஏற்றினால், 'படக்'கென்று உடைந்து விடும். ஆனால், இந்தச் சிலீப்பர் கட்டைகள் மீது இரவும் பகலும் ரயில்கள் தடதடக்கின்றன, அவை உடைவதில்லை. காரணம், ஒவ்வொரு கட்டைக்குள்ளும் 18 எஃகு முறுக்குக் கம்பிகள், வீணைத் தந்தி போல விறைப்பாக இழுக்கப்பட்டு இருக்கின்றன.

இப்போது மனதாலேயே மும்பைக்குப் போவோம். அங்கே பாந்த்ரா - வொர்லி கடல் பாலத்தில், ஒரு கான்கிரீட் கோபுரம் சுமார் 128 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அதிலிருந்து விசிறி மடிப்பு போல இறங்கும் கம்பி வடங்கள், பாலத்தைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. இந்த வகைப் பாலத்துக்கு 'கம்பிவடப் பாலம்' என்று பெயர்.

தாம்பரத்துக் கட்டைக்கும், மும்பைக் கோபுரத்துக்கும் பின்னால் ஒரே மனிதரின் அறிவு இருக்கிறது. அவர்தான், பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற பொறியாளர் யூஜின் பிரெசினே. தன் பாலம் தன் கண்ணெதிரே தொய்வதைப் பார்த்து, இரவோடு இரவாகச் சைக்கிளில் ஓடியவர். அந்த ஓர் இரவு, கட்டுமானத் துறையையே மாற்றியது. எப்படி என்று பார்ப்போமா?

கிராமத்துப் பிள்ளை

பிரான்ஸ் நாட்டின் கொரேஸ் பகுதியில், ஒப்ஜா என்ற சிற்றூரில், 1879ம் ஆண்டு, ஜூலை 13ம் தேதி பிறந்தார் பிரெசினே. அந்தப் பக்கத்து மக்கள் அதிக வசதி இல்லாதவர்கள். தங்களுக்கு வேண்டிய பொருட்களைப் பெரும்பாலும் தாங்களே செய்து கொண்டனர். ஒரு பலகையைக் கூட வீணாக்க மாட்டார்கள். குறைந்த பொருளில் உறுதியான வேலை. இதுதான் அவர்கள் வழக்கம்.

பிரெசினேவுக்கு, 6 வயதாகும் போது குடும்பம் பாரிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனுக்கு நகரம் பிடிக்கவே இல்லை. விடுமுறை வந்தால் கிராமத்துக்குப் போக வேண்டும்; அங்கே கைவேலைக்காரர்கள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். அதிலேதான் அவனுக்கு மகிழ்ச்சி.

பிரான்சின் பெயர் பெற்ற கல்வி நிறுவனமான எகோல் பாலிடெக்னிக்கில் சேரத் தேர்வு எழுதினார். முதல் முறை தோல்வி. சோர்ந்து விடாமல் மறுபடியும் எழுதி இடம் பிடித்தார். அதன்பின், பாலங்களும் சாலைகளும் கட்டக் கற்றுத்தரும் கல்லூரியில் படித்தார். அங்கே ஷார்ல் ராபு என்ற ஆசிரியர், அப்போது புதிதாக வந்திருந்த கம்பி கட்டிய கான்கிரீட்டைப் பற்றிப் பாடம் நடத்தினார். அந்தப் பாடம், பிரெசினேவின் மனதில் ஆழமாகப் பதிந்தது.

படிப்பை முடித்ததும் மூலேன் என்ற ஊரில், அரசுப் பொறியாளராக வேலை கிடைத்தது. சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சின்னச் சின்னப் பாலங்கள் கட்டிக் கொடுத்தார். மேஸ்திரிகளோடும் தொழிலாளர்களோடும் சேர்ந்து நின்று வேலை பார்த்ததால், எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு பாலத்தின் செலவில் மூன்று!

அந்தப் பகுதியில் அலியே என்ற ஆறு ஓடுகிறது. அதன் மீது இருந்த பழைய தொங்கு பாலங்களை மாற்ற வேண்டிய நிலை. அவற்றில் வெர்தர் என்ற ஊரில் மட்டும் கல்லால் ஒரு பாலம் கட்டவே பெரும் செலவாகும் என்று கணக்குப் போட்டிருந்தனர்.

அந்த ஒரு பாலத்தின் செலவிலேயே, மூன்று ஊர்களுக்கு மூன்று கான்கிரீட் பாலங்கள் கட்டலாம் என்றார் பிரெசினே. பிரான்சுவா மெர்சியே என்ற ஒப்பந்தக்காரர் அவரை முழுமையாக நம்பினார். பணப் பொறுப்பைத் தானே ஏற்றுக் கொண்டார். வரைபடம் போடுவது, கட்டுவது, மேற்பார்வை பார்ப்பது எல்லாமே பிரெசினேயின் தலையில் விழுந்தது. அப்போது, அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும்.

வெர்தர் பாலத்துக்கு மூன்று வளைவுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 மீட்டர் அகலம். அதிக உயரம் இல்லாத, தட்டையான வளைவுகள்.

வீட்டுக்கு மொட்டை மாடித் தளம் போடும்போது, கீழே பலகையும் கம்பும் முட்டுக் கொடுத்து, 'சென்ட்ரிங்' அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் இறுகியதும் அதைப் பிரித்து விடுவர். வளைவுப் பாலத்துக்கும் அப்படித்தான். ஆனால், இவ்வளவு பெரிய வளைவின் அடியிலிருந்து சென்ட்ரிங்கை உருவுவது ஆபத்தான வேலை.

பிரெசினே ஒரு புதிய வழி கண்டார். வளைவின் உச்சியில், நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் ஜாக்கிகளை வைத்தார். பஞ்சர் ஆன காரைத் தூக்குவார்களே, அதே வேலையைச் செய்யும், ஆனால், மிகப் பெரிய பாரத்தைத் தள்ளக்கூடிய ஜாக்கிகள். அவற்றை இயக்கியதும் வளைவின் இரண்டு பாதிகளும் ஒன்றை ஒன்று தள்ளிக் கொண்டன. வளைவு, தானாகவே மேலே எழும்பிச் சென்ட்ரிங்கை விட்டு விலகியது. அதன்பின் பலகைகளை நிதானமாகப் பிரித்து எடுத்தனர்.

பாலம் திறக்கப்பட்டது. வண்டிகள் ஓடின. எல்லாரும் மகிழ்ந்தனர்.

தொய்ந்தது பாலம்

சில மாதங்கள் சென்றன. 1911ம் ஆண்டில், பிரெசினே பாலத்தை அளந்து பார்த்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளைவுகளின் நடுப்பகுதி மெல்ல மெல்ல இறங்கிக் கொண்டிருந்தது. நேர்க்கோடாக இருக்க வேண்டிய கைப்பிடிச் சுவர், நடுவில் குழிந்து தெரிந்தது. இறக்கம் நிற்கவில்லை. பத்து சென்டிமீட்டரையும் தாண்டி விட்டது.

இது எப்படி நடக்கும்? கான்கிரீட் மீது பாரம் ஏற்றினால், அந்த நொடியில் சிறிது சுருங்கும்; அதோடு சரி, அதற்கு மேல் சுருங்காது. அன்றைய புத்தகங்களும், அரசு விதிகளும் அப்படித்தான் சொல்லின. ஆனால், பாலம் புத்தகம் படித்ததில்லையே! அது இறங்கிக் கொண்டே இருந்தது.

இப்படியே போனால், தட்டையான அந்த வளைவு ஒரு நாள் நொறுங்கி ஆற்றில் விழும். மேலே போகிறவர்களின் கதி என்ன? தன்னை நம்பிப் பணம் போட்ட மெர்சியேவின் கதி என்ன? இதே முறையில் எழப்போகிற மற்ற இரண்டு பாலங்கள் என்னவாகும்?

விதிகளைக் காட்டி, என் மீது தவறில்லை என்று அவர் தப்பித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

ஒருநாள் இரவு மூலேனிலிருந்து சைக்கிளை எடுத்தார். வெர்தர் ஊருக்கு, 30 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். நம் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இருட்டில் சைக்கிள் மிதிப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்! போய்ச் சேர்ந்ததும், பிகே என்ற நம்பிக்கையான மேஸ்திரியையும், இன்னும் மூன்று தொழிலாளர்களையும் எழுப்பினார். ஐந்து பேரும் பாலத்துக்கு ஓடினர். உச்சியில் முன்பு ஜாக்கி வைத்த இடம் இன்னும் இருந்தது. அங்கே மறுபடியும் ஜாக்கிகளைப் பொருத்தினர்.

பொழுது விடிந்து, அளவுக்கருவி வைத்துப் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம் வந்ததும் வேலையைத் தொடங்கினர். மூன்று வளைவுகளையும் ஒரே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். ஒன்று முந்திக் கொண்டாலும் ஆபத்து. அன்றைக்கென்று ஊரில் சந்தை நாள்! சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி, வண்டிகளுக்கு வழி விட வேண்டியிருந்தது. காய்கறியும் தானியமும் ஏற்றிப் போனவர்களுக்கு, தங்கள் காலடியில் ஒரு பாலம் உயிர் பிழைத்துக் கொண்டிருப்பது தெரியாது.

பாலம் பழைய மட்டத்துக்கு வந்தது. பின்னர், உச்சியில் இருந்த இடைவெளியைக் கான்கிரீட் போட்டு உறுதியாக அடைத்தார். அதன்பின் வெர்தர் பாலம் தொய்யவே இல்லை. 1940ல் நடந்த போரில் தகர்க்கப்படும் வரை நிமிர்ந்து நின்றது. அதன் தங்கையைப் போல அதே ஆற்றில் கட்டப்பட்ட புத்திரோன் பாலம், இன்றும் நிற்கிறது.

பலகை சொல்லும் பாடம்

பாலம் பிழைத்து விட்டது. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கியிருப்பர். பிரெசினேயால் முடியவில்லை. ஏன் இறங்கியது என்ற கேள்வி அவரைக் குடைந்தது.

உங்கள் வீட்டுப் புத்தக அலமாரியைப் பாருங்கள். கனமான புத்தகங்களை அடுக்கிய அன்று பலகை நேராக இருக்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நடுவில் லேசாக வளைந்திருக்கும். புதிதாகப் புத்தகம் எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் வளைந்து விட்டது. பாரம் நீண்ட காலம் அழுத்திக் கொண்டே இருந்தால், சில பொருட்கள் மெல்ல மெல்ல விட்டுக் கொடுக்கும். கல் போலத் தெரியும் கான்கிரீட்டும் அப்படித்தான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அது மிக மெதுவாகச் சுருங்குகிறது. இன்றைய பொறியாளர்கள் இதைக் 'கிரீப்' என்கின்றனர். தமிழில் 'ஊர்வு' எனலாம். நத்தை ஊர்வதைப் போல, கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது.

இதை உறுதி செய்ய அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. நடுவே முதல் உலகப் போர் வந்தது. வேலைகளும் குவிந்தன. பாரிசுக்கு அருகே ஓர்லியில், ஆகாயக் கப்பல்களை நிறுத்த 300 மீட்டர் நீளத்தில் இரண்டு பிரமாண்டமான கான்கிரீட் கூடங்களைக் கட்டினார். கான்கிரீட் கொட்டும்போது அதை அதிர வைத்தால், உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ்கள் வெளியேறி, அது நன்றாக இறுகும் என்று கண்டறிந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். தளம் போடும் நாளில் 'டுர்ர்ர்' என்று சத்தம் போடுமே வைப்ரேட்டர், அது இந்த யோசனையில் பிறந்ததுதான்.

பின்னர், பிரெஸ்த் நகருக்கு அருகே புளுகாஸ்தெல் என்ற இடத்தில், ஒவ்வொன்றும் 180 மீட்டருக்கு மேல் அகலமான மூன்று வளைவுகளுடன் ஒரு பாலம் கட்டினார். 1930ல் திறக்கப்பட்டபோது, உலகிலேயே மிக அகலமான கான்கிரீட் வளைவுகள் அவைதான். ஒரே ஒரு மரச் சென்ட்ரிங்கைச் செய்து, அதைத் தண்ணீரில் மிதக்க விட்டு நகர்த்தி, மூன்று வளைவுகளுக்கும் பயன்படுத்தினார். ஒரு பலகையைக் கூட வீணாக்காத கிராமத்துப் பிள்ளை அல்லவா!

அந்தப் பாலத்தின் வேலைக்கு இடையேதான், கான்கிரீட்டின் ஊர்வைப் பற்றிப் பொறுமையாகச் சோதனைகள் செய்தார். வெர்தர் பாலத்தில் தான் கண்டது உண்மை; புத்தகங்கள்தான் தவறு என்று உறுதியானது.

ரப்பர் பேண்டின் ரகசியம்

இந்த உண்மையை வைத்துக் கொண்டு, அவர் ஒரு பெரிய காரியம் செய்தார்.

நான்கைந்து புத்தகங்களை வரிசையாக நிற்க வைத்து, இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் இறுக்கி அழுத்தித் தூக்குங்கள். கீழே பலகை இல்லாமலே புத்தகங்கள் ஒரே கட்டையாக அந்தரத்தில் நிற்கும். மேலே ஒரு பேனாப் பெட்டியைக் கூட வைக்கலாம். கையைத் தளர்த்தினால் எல்லாம் கீழே!

கான்கிரீட்டும் இப்படித்தான். அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளந்து விடும். முதலிலேயே கம்பிகளை இழுத்துக் கட்டி, கான்கிரீட்டை இரண்டு பக்கமும் இறுக்கி வைத்து விட்டால், பின்னால் பாரம் வந்து இழுத்தாலும் அது பிளக்காது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவர். பட்டை குளிர்ந்து சுருங்கும்போது, மரத் துண்டுகளை எல்லாம் ஒன்றாக இறுக்கிப் பிடித்துக் கொள்ளும். அதே தத்துவம்தான். இதற்கு 'முன்தகைவுக் கான்கிரீட்' என்று பெயர்.

இந்த யோசனை பிரெசினேவுக்கு முன்பே சிலருக்கு வந்திருந்தது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் முயன்று பார்த்தனர். முதலில் இறுக்கமாக இருக்கும். சில காலத்தில் தளர்ந்து போகும். ஏன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. பிரெசினேவுக்குப் புரிந்தது. கான்கிரீட் ஊர்ந்து சுருங்கியதும், கம்பியின் இழுப்பு போய் விடுகிறது!

ஓர் அட்டைப் பெட்டியைச் சுற்றிச் சாதாரண நூலைக் கட்டுங்கள். பெட்டி துளி சுருங்கினாலும் நூல் தொளதொளவென்று ஆகி விடும். அதே பெட்டிக்கு நன்றாக இழுத்த ரப்பர் பேண்டைப் போடுங்கள். பெட்டி கொஞ்சம் சுருங்கினாலும் பிடி விடாது. ஏனென்றால், அது நிறைய நீண்டிருக்கிறது. கொஞ்சம் குறைந்தாலும் மிச்சம் இருக்கிறது.

சாதாரண இரும்புக் கம்பியை அவ்வளவு இழுக்க முடியாது. ஆகவே, மிகவும் வலுவான எஃகுக் கம்பியை எடுத்து, மிக அதிகமாக இழுத்துக் கட்ட வேண்டும். கான்கிரீட்டும் மிகத் தரமாக இருக்க வேண்டும் என்றார் பிரெசினே. 1928ல், இதற்காக ழான் செயாய் என்பவருடன் சேர்ந்து காப்புரிமை பெற்றார்.

கையில் இருந்ததும் போனது

அப்போது பிரெசினேவுக்கு, 49 வயது. நல்ல வேலை, பெயர், புகழ் எல்லாம் இருந்தன. அத்தனையையும் விட்டுவிட்டு, புதிய கண்டுபிடிப்பில் இறங்கினார். தன் சேமிப்பைப் போட்டு, மோன்தார்ழி என்ற ஊரில், முன்தகைவுக் கான்கிரீட்டில் மின்கம்பங்கள் செய்யும் வேலையைத் தொடங்கினார். மெல்லிய சுவர் கொண்ட, உள்ளே கூடான, உறுதியான கம்பங்கள்.

கம்பங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால், அந்த நேரம் பார்த்து உலகம் முழுவதும் பெரும் பொருளாதார நெருக்கடி. கம்பம் வாங்க ஆள் இல்லை. போட்ட பணம் எல்லாம் போயிற்று. ஐம்பது வயதைக் கடந்த நிலையில், கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் லெ ஆவ்ர் துறைமுகத்திலிருந்து ஒரு சேதி. பெரிய பயணிகள் கப்பல்களுக்காகக் கட்டிய புதிய நிலையக் கட்டடம், சேற்று மண்ணில் நாளுக்கு நாள் அமிழ்ந்து கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற வழி தெரியாமல் தவித்தனர்.

1934ல், அங்கே சென்ற பிரெசினே, அதுவரை யாரும் செய்யாததைச் செய்தார். தனித்தனியாக இருந்த அஸ்திவாரங்களைச் சுற்றிப் புதிய கான்கிரீட் போட்டு, இழுத்த கம்பிகளால் ஒரே கட்டாக இறுக்கினார். அதில் துளைகள் விட்டு, ஜாக்கிகளால் கான்கிரீட் தூண்களை உறுதியான மண் கிடைக்கும் வரை கீழே அழுத்தினார். கட்டடத்தின் எடையே தூண்களை அழுத்த உதவியது. கட்டடம் அமிழ்வது நின்றது!

அதன்பின், முன்தகைவுக் கான்கிரீட் வேலைக்கு ஆகாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு பெரிய கட்டுமான நிறுவனம், அவரைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது.

ஓர் ஆப்பும், ஒரு பாலாறும்

1939ல், அவர் இன்னொரு எளிய கருவியை உருவாக்கினார். இழுத்த கம்பியை விட்டு விடாமல் பிடித்துக் கொள்வது எப்படி? கோடரிக் காம்பு கழன்று விடாமல் இருக்க ஆப்பு அடிப்பார்களே, அதுதான்! கூம்பு வடிவ ஓட்டைக்குள் கம்பிகளைச் செலுத்தி, நடுவில் கூம்பு வடிவ ஆப்பை இறுக்கினார். கம்பி உள்ளே இழுக்க இழுக்க, ஆப்பு மேலும் இறுகும். பிடி நழுவவே நழுவாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், மார்ன் நதி மீது இந்த முறையில் அவர் கட்டிய பாலங்கள், உலகின் கவனத்தை ஈர்த்தன. தென் அமெரிக்காவில், வெனிசுவேலா நாட்டின் தலைநகரான கராகசுக்குச் செல்லும் சாலைக்கும் பெரிய பாலங்கள் கட்டினார்.

அந்த நுட்பம் நம் ஊர்ப் பக்கமும் வந்து சேர்ந்தது. தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், செங்கல்பட்டைத் தாண்டியதும் பாலாறு வரும். அங்கே, 1954ல் கட்டப்பட்ட பாலம்தான், முன்தகைவுக் கான்கிரீட்டில் அமைந்த இந்தியாவின் முதல் சாலைப் பாலம். பொறியியல் மாணவர்கள் இன்றும் பாடத்தில் படிக்கும் பாலம் அது. மீனம்பாக்கம் பக்கம் மெட்ரோ ரயில் ஓடும் உயர்பாலமும், இழுத்த கம்பிகளின் பலத்தில்தான் நிற்கிறது.

கோபுரம் எழுவது எப்படி?

இனி, ஆரம்பத்தில் பார்த்த கம்பிவடப் பாலத்தின் கோபுரத்துக்கு வருவோம்.

முதலில் ஆற்றிலோ, கடலிலோ ஆழமாக அஸ்திவாரம் போடுவர். அதன் மேல், கோபுரத்தைச் சில மீட்டர் உயரத் துண்டுகளாக வார்ப்பர். கம்பி கட்டி, அச்சு வைத்து, கான்கிரீட் கொட்டி, வைப்ரேட்டர் போடுவர். அது இறுகியதும், அந்த அச்சு புதிய சுவரையே பிடித்துக் கொண்டு, அடுத்த துண்டுக்காக மேலே ஏறும். பனை மரம் ஏறுகிறவர் கயிற்றை மேலே மேலே நகர்த்துவது போல!

ஒவ்வொரு துண்டுக்கும், கோபுரம் சாயாமல் இருக்கிறதா என்று அளப்பர். பெரும்பாலும் விடியற்காலையில்தான் இந்த அளவு எடுப்பர். ஏன் தெரியுமா? வெயில் ஏறியதும் ஒரு பக்கம் மட்டும் சூடாகி விரியும். உயரமான கோபுரம் மறுபக்கம் லேசாக வளையும். அந்த நேரத்தில் அளந்தால் கணக்குத் தப்பும்.

அடுத்து, கம்பி வடங்கள். இரண்டு பக்கமும் சமமாக, கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணிகளும் சம பலத்தோடு இழுப்பது போல, மாற்றி மாற்றி மாட்டுவர். ஒரு பக்கம் அதிகம் இழுத்தால் கோபுரம் சாய்ந்து விடும். வடங்கள் பாலத்தின் எடையை எல்லாம் கோபுரத்தின் மீது இறக்குகின்றன. கோபுரம் எப்போதும், இரவும் பகலும், அந்தப் பாரத்தில் அழுந்திக் கொண்டே இருக்கிறது.

எப்போதும் அழுந்திக் கொண்டே இருக்கும் கான்கிரீட் என்ன செய்யும்? சரியாகச் சொன்னீர்கள்; மெல்ல ஊர்ந்து சுருங்கும்! நூறு மீட்டர் கோபுரம், வருடங்கள் போகப் போகச் சில சென்டிமீட்டர் குள்ளமாகும். கோபுரம் குறைந்தால் வடங்களின் இழுப்பு மாறும். சாலையின் மட்டமும் மாறும். ஆகவே, முதல் துண்டை வார்ப்பதற்கு முன்பே, இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு குறையும் என்று கணக்கிட்டு, அதற்கு இடம் கொடுத்துத்தான் கட்டுகின்றனர். வடங்கள் மாட்டப்படும் இடத்தில் கோபுரச் சுவர் பிளந்து விடாமல் இருக்க, பல பாலங்களில் இழுத்த கம்பிகளால் அந்தச் சுவரையும் இறுக்கிக் கட்டுகின்றனர்.

வெர்தர் பாலத்தில் பிரெசினே கண்ட உண்மையும், பின்னர் அவர் கண்டுபிடித்த தீர்வும், இப்படி ஒவ்வொரு கான்கிரீட் கோபுரத்திலும் வேலை செய்கின்றன.

பிரெசினே தன் வாழ்நாளில் கம்பிவடப் பாலம் எதையும் கட்டியதில்லை. 1962ம் ஆண்டு, ஜூன் 8ம் தேதி, 82வது வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், அவர் பாலங்கள் கட்டிய அதே வெனிசுவேலாவில், மரக்கைபோ ஏரியின் வாயில் மீது, கான்கிரீட் கோபுரங்கள் கொண்ட மாபெரும் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் வேறு ஒரு பொறியாளர். இத்தாலியைச் சேர்ந்த மொராந்தி.

பிரான்சில் சேன் நதி கடலில் கலக்கும் இடத்தில், 1995ல் நார்மண்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதன் கான்கிரீட் கோபுரங்கள், 200 மீட்டருக்கும் அதிக உயரம். இரண்டு கோபுரங்களுக்கும் இடையே 856 மீட்டர்! அதன் கம்பி வடங்களை அமைத்தது எந்த நிறுவனம் தெரியுமா? பிரெசினேயின் பெயரைத் தாங்கிய நிறுவனம்தான்.

தன் பாலத்தில் குறை வந்தபோது, அதை மூடி மறைக்கவில்லை பிரெசினே. ஓடிப் போய்ச் சரி செய்தார். அதோடு விடாமல், ஏன் வந்தது என்று 17 ஆண்டுகள் தேடினார். அன்று அவரைப் பயமுறுத்திய அந்தக் குறையில் இருந்துதான், அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு பிறந்தது.

அடுத்த முறை, கணக்கில் உங்களுக்கு விடை தப்பாக வந்தால், உடனே ரப்பரை எடுத்து அழித்து விடாதீர்கள் குட்டீஸ். எங்கே தப்பியது, ஏன் தப்பியது என்று ஒரு நிமிடம் பாருங்கள். தாம்பரம் ஸ்டேஷனில் அந்தச் சிலீப்பர் கட்டைகளைப் பார்க்கும் போதெல்லாம், இருட்டில் சைக்கிள் மிதித்துப் போன அந்த இளைஞரையும் நினைத்துக் கொள்ளுங்கள்.